சுருள் விழும் தட்டு

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். இந்தக் குருவின் பெயர் வசுந்தரா. வயது நாற்பத்தொன்று. கோவை கணபதியில், லாரி நுழைந்தால் சைக்கிள் பின்வாங்க வேண்டிய ஒரு சந்துக்குள் அவளுடைய பட்டறை. இரும்பில் நீளமான துளை போடுவது அவள் தொழில்.

சீடர் கனகசபாபதிக்கு ஐம்பத்தைந்து. லேத் பட்டறையிலேயே தலை நரைத்தவர். நீளத் துளை மட்டும் கைக்கு அடங்கவில்லை என்று அவளிடம் வந்து சேர்ந்தார். அவர் அவளை அம்மிணி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். யார் குரு என்று வெளி ஆளுக்குக் குழப்பம் வரும். மெஷின் ஓட ஆரம்பித்தால் வராது.

அன்றைக்கு மெஷினில் ஏற்றியிருந்தது ஒரு ஷாஃப்ட், கெட்டி இரும்புத் தண்டு. ஆள் உயரத்துக்கு மேல் நீளம். அட்டை மில் உருளைக்குள் உட்காருகிற சாமான். அதன் நடுவில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், நீராவி போக ஒரே துளை வேண்டும். துளை ஓரமாகச் சாய்ந்தால் உருளை ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் குளிரும். அப்புறம் ஷாஃப்ட் பழைய இரும்புக் கடைக்குத்தான்.

மில், கனகசபாபதியின் சம்பந்தியுடையது. மகள் மேகலாவை உடுமலையில் அந்த வீட்டில் கொடுத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. "என்கிட்டக் குடுங்க சம்பந்தி, என் கையால போட்டுத் தர்றேன்" என்று இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தவர் இவர்தான். யாரும் கேட்கவில்லை.

மாற்று ஷாஃப்ட் கிடையாது. இன்னொன்று செய்து வரத் தீபாவளி தாண்டும். அதுவரை மில் நிற்கும். துளை கெட்டால் ஷாஃப்ட்டோடு போகாது. மேகலா அந்த வீட்டில் சாப்பிடுகிற ஒவ்வொரு வாய்க்கும் இந்த இரும்பைத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பார்கள். பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"எந்த முறையில போடறதுங்க அம்மிணி?"

"என்னென்ன முறை இருக்குங்ணா?"

"சாதா டிரில். கன் டிரில். குழாய் டிரில்."

"சாதா டிரில்ல, வெட்டின இரும்பு எப்படி வெளிய வரும்?"

"நாமதான் எடுக்கணும். கொஞ்சம் உள்ள போகணும், டிரில்லை வெளிய இழுக்கணும், சுருளைத் தட்டி விடணும், மறுபடி உள்ள போகணும்."

"கன் டிரில்ல?"

"எண்ணெய் டிரில்லுக்குள்ள போகும். திரும்பி வரையில சுருளைத் தள்ளிட்டு, டிரில்லுக்கு வெளிப்பக்கம் இருக்கற பள்ளம் வழியா வரும்."

"குழாய்ல?"

"அப்படியே தலைகீழுங்க. எண்ணெய் வெளிப்பக்கமாப் போகும். சுருள் குழாய்க்குள்ள நுழைஞ்சு பின்னாடி வந்து விழும்."

"மூணும் உள்ள போறதுல என்ன வித்தியாசம்?"

கனகசபாபதி யோசித்தார்.

"உள்ள போறதுல ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் ஒரே மாதிரி வெட்டறதுதான்."

"சரி" என்றாள் வசுந்தரா. டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவர் நின்றார். டீ தீர்ந்தது.

"எதுன்னு சொல்லலீங்களே."

"உங்க சம்பந்தி ஜாப். உங்க கை. நீங்க சொல்லுங்க."

"அப்ப குழாய் டிரில்."

"ஏன்?"

"வேகமா முடியும்."

"அப்புறம்?"

"சுருளெல்லாம் பின்னாடி பெட்டிக்குள்ள விழுந்துரும். கண்ணுக்குத் தெரியாது. இடம் சுத்தமா இருக்கும். அவரு பாக்க வர்றேன்னிருக்காரு."

வசுந்தரா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மெஷினின் பின்கோடிக்குப் போனாள். சுருள் விழுகிற பெட்டியின் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். பெட்டிக்குள் ஒரு கம்பி வலைத் தட்டை வைத்தாள்.

"இதுல விழட்டும். நிறைஞ்சா அடுத்த தட்டை வைங்க. நிறைஞ்ச தட்டை விழுந்த வரிசைப்படி பெஞ்சு மேல அடுக்குங்க. துளை முடியற வரைக்கும் ஒரு சுருளைக் கொட்டக் கூடாது."

"குப்பைதானுங்களே அம்மிணி."

"துளைக்குள்ள எட்டிப் பாக்க முடியுமா உங்களால?"

"முடியாது."

"உள்ள போய்ப் பாத்துட்டு வந்தது இந்தக் குப்பை ஒண்ணுதான்."

அவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் யாருக்கும் சிரமமில்லை. அது அவளுக்கும் தெரியும். அதனால் விடவில்லை.

"சுருள் குட்டையா உடைஞ்சு உடைஞ்சு வந்தா?"

"நல்லாப் போகுதுன்னு அர்த்தம்."

"நீளமா ரிப்பன் மாதிரி வந்தா?"

"கத்தி முனை போயிட்டிருக்குது. கவலைப்படணும்."

"ஒண்ணுமே வரலைன்னா?"

"நிறுத்திரணுங்க. உள்ள அடைச்சிருச்சுன்னு அர்த்தம்."

"யோசிச்சுப் பாத்து நிறுத்துவீங்களா?"

"யோசிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்."

"சரி" என்றாள் அவள் மறுபடி.

ஏப்ரனைக் கட்டும்போது அவர் போன் அடித்தது. கையெல்லாம் எண்ணெய். முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார். மேகலா.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்ப வேண்டாம் சாமி. மெஷின் போடப் போறேன். உங்க மாமாவும் வந்துட்டிருக்காரு."

"அவரு கிளம்பினாருன்னுதான் இப்பக் கூப்பிட்டேன்."

கனகசபாபதி வசுந்தராவை ஓரக்கண்ணால் பார்த்தார். ஸ்பீக்கரை அணைக்கச் சுத்தமான விரல் ஒன்றும் இல்லை.

"எதுன்னாலும் கொஞ்சம் அனுசரிச்சுப் போ கண்ணு. பெரிய குடும்பம். அந்த வீட்டு விஷயம் அந்த வீட்டோட இருக்கணும். நல்லாத்தான இருக்கற?"

எதிர்ப்பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"இருக்கேங்ப்பா."

"அவ்வளவுதான்" என்றார். வைத்துவிட்டார்.

வசுந்தரா ஏற்கனவே துடைத்த ஸ்பேனரை இன்னொரு தரம் துடைத்தாள்.

மெஷின் ஓட ஆரம்பித்தது. முதல் விரற்கடை தூரம் ரொம்ப மெதுவாகப் போயிற்று. அங்கே கோணினால் கடைசி வரை கோணல்தான். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். சத்தம் ஒரே சீராக வந்தது. பின்கோடியில், எண்ணெயோடு சேர்ந்து முதல் சுருள்கள் தட்டில் விழுந்தன. குட்டை குட்டையாக, மிக்சரில் மிஞ்சின தூள் மாதிரி.

"நீங்க இங்க நில்லுங்க. நான் முன்னாடி முள்ளைப் பாக்கறேன்" என்று வசுந்தரா எண்ணெய் அழுத்தம் காட்டுகிற மீட்டர் இருந்த பக்கம் போனாள். நீளமான மெஷின். அந்தக் கோடியில் இருப்பவரைப் பார்க்கலாம், பேசினால் கேட்காது.

ஒரு தட்டு நிறைந்தது. பெஞ்சில் வைத்தார். அடுத்தது நிறைந்தது. அதன் பக்கத்தில் வைத்தார். அசெம்பிளிக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி தட்டுகள் வரிசையாக நின்றன.

சம்பந்தி நாச்சிமுத்து அப்போது வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. பட்டறைக்கு இப்படி உடுத்தி வருகிறவர்கள், அழுக்கு ஆவது தங்கள் வேலை இல்லை என்று காட்டத்தான் வருகிறார்கள். கனகசபாபதி ஓடிப் போய் நாற்காலியைத் தன் தோள் துண்டால் துடைத்துப் போட்டார்.

"வாங்க சம்பந்தி. உக்காருங்க."

நாச்சிமுத்து உட்காராமல் பெஞ்சைப் பார்த்தார்.

"இதென்னங்க, வடகம் காயப் போட்டிருக்கீங்க?"

"சுருளுங்க. வேலை முடியற வரைக்கும் இப்படி வரிசையா…"

"நம்ம மில்லுல ஒரு துண்டுத் தாள் கீழ கிடக்கக் கூடாது. கிடந்தா நான் சோறு திங்க மாட்டேன். மேகலாகிட்டக் கேட்டுப் பாருங்க. வந்த புதுசுல அவளும் இப்படித்தான், எதையும் அங்கங்க போட்டு வெப்பா. இப்பச் சரி பண்ணியாச்சு."

சரி பண்ணியாச்சு என்று சொல்லும்போது சிரித்தார். கனகசபாபதியும் சிரித்தார். பெண்ணைக் கொடுத்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு ஒன்று உண்டு. அதில் பல் மட்டும்தான் தெரியும்.

அவர் முன்கோடியைப் பார்த்தார். வசுந்தரா மீட்டர் மேல் கண்ணாக இருந்தாள். தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். மூலையிலிருந்த டிரம்மில் கொட்டினார். பெஞ்சைத் துடைத்தார். பெட்டியின் மூடியைச் சுவரிலிருந்து எடுத்து மாட்டினார்.

"இப்பப் பாக்க லட்சணமா இருக்குது" என்று நாச்சிமுத்து உட்கார்ந்தார்.

பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றப்பட்டது. உருளை எப்படி நின்றது, எந்த வியாபாரி என்ன பேசினான், மழை பெய்யுமா பெய்யாதா எல்லாம் பேசியாயிற்று. மெஷின் பாட்டுக்கு ஓடியது. மூடிக்குள்ளிருந்து சுருள் விழுகிற சத்தம் பொரிகடலை கொட்டுவது போல வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது டீயை ஊற்றும்போது கனகசபாபதியின் கை நின்றது.

மெஷின் சத்தம் மாறவில்லை. அதற்குள் இருந்த சின்னச் சத்தம் ஒன்று இல்லை.

மூடி போட்டதால் கேட்கவில்லை போல, என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். டீயை ஊற்றி முடித்தார்.

முன்கோடியில் வசுந்தரா மீட்டரிலிருந்து தலையைத் தூக்கினாள். முள் ஏறிக்கொண்டிருந்தது. பின்கோடியைப் பார்த்தாள். பெஞ்சு காலியாகப் பளபளத்தது. அவள் மெஷின் ஓரமாக வேகமாக வந்தாள்.

"தட்டெல்லாம் எங்கண்ணா?"

அவர் டிரம்மைப் பார்த்தார்.

"மூடி?"

"நான்தானுங்க போட்டேன்."

"சுருள் எப்படி வந்துட்டிருந்துச்சு?"

"குட்டையாத்தான்…"

"எது வரைக்கும்?"

கனகசபாபதி மூடியைப் பிடுங்கினார். தட்டில் கொஞ்சம் நீள ரிப்பன் சுருண்டு கிடந்தது. அதன் மேல் எண்ணெய் நூலாக வடிந்துகொண்டிருந்தது. எண்ணெயில் ஒன்றுமில்லை.

"என்ன அம்மிணி விஷயம்?" என்றார் நாச்சிமுத்து. "ஓடிட்டுத்தான இருக்குது? இன்னும் கொஞ்சம்தான் பாக்கி போலிருக்குது. நல்லா ஓடறதை நடுவுல நிறுத்தக் கூடாது. என் மில்லை நான் நிறுத்தவே மாட்டேன்."

"அது தானா நின்னுதானுங்க இங்க வந்திருக்கீங்க" என்றாள் வசுந்தரா.

சிவப்புப் பொத்தான் கனகசபாபதியின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவள் கைக்கும் எட்டும். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"நடுவுல நிறுத்திக் கெட்டுப் போச்சுன்னா என்ன சம்பந்தி சொல்லப் போறீங்க?" என்று கேட்டார் நாச்சிமுத்து. குரல் உயரவில்லை.

"அண்ணா" என்றாள் வசுந்தரா. அவ்வளவுதான்.

கனகசபாபதி பொத்தானை அடித்தார்.

சத்தம் அடங்கியதும் பட்டறை மொத்தமும் செவிடான மாதிரி இருந்தது. குழாயை மெதுவாக, மிக மெதுவாக வெளியே இழுத்தார்கள். முனை வந்தபோது கனகசபாபதி கண்ணை மூடித் திறந்தார். முனை உடையாமல் இருந்தது. ஆனால் கத்தியின் ஓரம் சின்னதாகச் சிதைந்திருந்தது. குழாயின் வாய்க்குள், குளியலறை ஓட்டையில் அடைத்த முடிக் கற்றை போல நீள நீளமான சுருள் சிக்கிப் பின்னிக் கிடந்தது. இன்னும் ஒரு கட்டைவிரல் தூரம் ஓடியிருந்தால் முனை உள்ளேயே முறிந்து இறுகியிருக்கும். அதை எடுக்க யாராலும் முடியாது.

"சிதைஞ்ச கத்தியோட எவ்வளவு தூரம் போயிருக்குதுன்னு தெரியணும்" என்றாள் வசுந்தரா. "நேராப் போச்சா, ஓரமா இழுத்துட்டுப் போச்சான்னு எந்த இடத்துலிருந்து அளந்து பாக்கறதுன்னு அப்பத்தான் தெரியும்."

கனகசபாபதி டிரம்மைத் தரையில் கவிழ்த்தார். மண்டியிட்டார். சம்பந்தியின் வெள்ளை வேட்டிக்கு எதிரே, எண்ணெய்க் குவியலில் இரண்டு கையையும் விட்டுத் துழாவினார். குட்டைச் சுருள், நீளச் சுருள், பழைய வேலைகளின் சுருள், பீடித் துண்டு.

"எல்லாம் ஒண்ணாக் கலந்துருச்சுங்க."

"ம்."

நாச்சிமுத்து எழுந்தார்.

"பையன் அப்பவே சொன்னான், உங்ககிட்டக் குடுக்க வேண்டாம்னு. நான்தான், பொண்ணு குடுத்த மனுஷன், ஆசையாக் கேக்கறாரே, முகத்துல அடிச்ச மாதிரி சொல்லக் கூடாதுன்னு குடுத்தேன். வீட்டுல போய் என்னன்னு சொல்றது? மேகலாதான் பதில் சொல்லோணும்."

கனகசபாபதி தரையிலிருந்து எழவில்லை.

வசுந்தரா கனம் அளக்கிற கருவியை எடுத்து வந்தாள். ஷாஃப்ட்டின் வெளிப்பக்கம் வைத்தால், உள்ளே துளை வரைக்கும் இரும்பு எவ்வளவு தடிமன் என்று அது சொல்லும். மேலே வைத்தாள். கீழே வைத்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். ஒரு சாண் தள்ளி மறுபடி. சந்தில் ஒரு காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டே போனான். அவனுக்கு என்ன.

கடைசிச் சாணில் கருவியை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"ஒரு மயிரிழை இழுத்திருக்குது" என்றாள். "பொறுக்கற அளவுக்குள்ள இருக்குது. இதுக்கு மேல இழுக்காமப் பாத்துக்கணும்."

புதுக் கத்தி மாட்டப்பட்டது. குழாய் கழுவப்பட்டது. மெஷின் மறுபடி ஓடியது, முன்னைவிட மெதுவாக. மூடி சுவரில் சாய்ந்திருந்தது. கனகசபாபதி பெட்டியைவிட்டு நகரவில்லை. குட்டைச் சுருள் விழுந்தது. தட்டு நிறைந்தது. பெஞ்சில் வைத்தார். அடுத்தது.

"இதெல்லாம் இப்படியேவா கிடக்கும்?" என்று நாச்சிமுத்து வேட்டியை ஒதுக்கினார்.

"கிடக்கட்டுங்க" என்றார் கனகசபாபதி. திரும்பிப் பார்க்கவில்லை.

துளை முடிந்தபோது வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. வசுந்தரா ஷாஃப்ட்டின் இரண்டு முனையையும் அளந்தாள். தலையை அசைத்தாள். நாச்சிமுத்து குனிந்து ஒரு முனையில் கண்ணை வைத்தார். அந்தப் பக்கத்து வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது.

"பரவால்லையே" என்றார். அவர் அகராதியில் அது பொன்னாடை. "லாரி அனுப்பறேன். ஏத்தி விட்டுருங்க."

"மேகலா…" என்று ஆரம்பித்தார் கனகசபாபதி.

"அவளுக்கென்ன? தங்கமான பொண்ணு. கல்யாணத்தன்னிக்கு என்ன வாயி. இப்ப ஒரு வார்த்தை பேசறதில்லை. வீட்டுல இருக்காளா இல்லையான்னே தெரியாது, அவ்வளவு அமைதி."

செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மெஷின் நின்றிருந்தது. எண்ணெய் பம்ப் மட்டும், அழுக்கை வடிகட்ட, ஓடிக்கொண்டிருந்தது. கனகசபாபதி சுவரில் சாய்ந்தார்.

"அம்மிணி, நான் எடுத்த முறை தப்புங்களா?"

"நல்ல முறைதாங்ணா."

"கன் டிரில்லா இருந்தா இப்படி ஆயிருக்காதோ?"

வசுந்தரா அவருடைய போனை எடுத்தாள். அதன் மேலிருந்த எண்ணெயைத் துடைத்தாள். அவர் கையில் வைத்தாள்.

"காலையில மேகலா ஏதோ சொல்ல வந்தாளே."

அவர் அழைத்தார். பழையபடி ஸ்பீக்கர்.

"சாமி, காலையில என்னமோ சொல்லணும்னியே. சொல்லு. இப்ப அப்பா சும்மாதான் இருக்கேன்."

"ஒண்ணுமில்லைங்ப்பா."

"பரவால்ல, சொல்லு."

"ஒண்ணுமே இல்லைங்ப்பா. நல்லா இருக்கேன். ஷாஃப்ட் நல்லா வந்துச்சுங்களா?"

"வந்துச்சு கண்ணு."

"சரிங்ப்பா. வெச்சர்றேன்."

வைத்துவிட்டாள். கனகசபாபதி பெருமூச்சு விட்டார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். நாள் முழுக்க இல்லாத ஒரு சிரிப்பு முகத்தில் வந்தது.

"நல்லா இருக்காளாம் அம்மிணி. நான்தான் என்னமோன்னு நினைச்சுட்டேன்."

வசுந்தரா பெஞ்சிலிருந்த கடைசித் தட்டைக் கையில் எடுத்திருந்தாள்.

"என்னண்ணா வந்துச்சு?"

"ஒண்ணும் வரலீங்க…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், திறந்த வாயோடு பாதியில் நின்றார்.

அவள் எட்டி, பம்பின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

கனகசபாபதி யோசிக்கவில்லை. எண்ணெய்க் கையோடு செருப்பைத் தேடினார்.